வேதவாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களாக எங்களோடு நிற்கும் அருட்தந்தை அவர்களே, போதகர் ஐயா அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் அன்பின் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரை எமது வட்டம் செய்தவற்றை இந்தச் சபையின் முன் வைக்கிறேன். வழமைபோல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணிக்குக் கூடினோம். ஐப்பசியில் காலபோக விதைப்பு நாட்களிலும், மார்கழியில் வாய்க்கால் நிரம்பிப் பாதை மூடிக் கிடந்த நாட்களிலும் கூட்டம் நடத்த முடியவில்லை. காட்டுப்பக்கம் போகிற அங்கத்தவர்கள் யானைக்கு முன் வீடு சேரவேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே முடித்துக்கொண்டோம். பெரிய எழுத்து வேதாகமம் இரண்டும், ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறதென்று காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகம் ஒன்றும் வாங்கினோம். கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

இவ்வாண்டு நடந்தவற்றில் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. அதனால்தான் எங்கள் வாசிக்கும் முறையே மாறியது.

புதுவருடத்துக்காக வட்டத்தின் பெயரில் வாக்குத்தத்த அட்டை அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தோம். வசனத்தைத் தெரிந்தெடுத்தவன் நான். யோபு எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனம்: துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும். கடைகளிலும் முச்சக்கரவண்டிகளின் கண்ணாடியிலும் புதுவீடுகளின் நிலைக்கு மேலும் சின்ன வயதிலிருந்தே பார்த்த வசனம் அது. எல்லாம் இழந்து தறப்பாளுக்குக் கீழிருந்து மறுபடி தொடங்கிய எங்கள் சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு இல்லை என்று நம்பித்தான் தெரிந்தெடுத்தேன். அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பார்க்கவில்லை.

தை மாதத்தின் முதற் கூட்டம் முடிந்ததும் எங்கள் அங்கத்தவரான ஒரு தாய் அட்டையோடு வந்தார். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்.

“தம்பி, இந்த வசனத்தைச் சொன்னது ஆர்?” என்று கேட்டார்.

“கடவுள்தானே அக்கா” என்றேன்.

“இல்லை. பில்தாத். இதுக்கு மூண்டு வசனம் மேல அவன் என்ன சொல்லியிருக்கிறான் எண்டு ஒருக்கா வாசியுங்கோ.”

நின்ற இடத்திலேயே வாசித்தேன். பில்தாத் யோபுவின் சிநேகிதரில் ஒருவன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் இருக்கிற தகப்பனான யோபுவிடம், உன் பிள்ளைகள் கடவுளுக்கு விரோதமாகப் பாவம் செய்ததால்தான் அப்படிப் போனார்கள் என்ற கருத்தை வைக்கிறான் நாலாம் வசனத்தில். நீ சுத்தமும் செம்மையுமானவனாயிருந்தால் உன் நிலை மாறும் என்கிறான் ஆறாம் வசனத்தில். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் எங்கள் அட்டையில் பூப்போட்ட கரைக்குள் இருந்தது. அதை நான் என் கையாலேயே அந்தத் தாயின் கையில் கொடுத்திருந்தேன். அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று இந்தச் சபையின் முன்னும் கேட்கிறேன்.

நிர்வாகசபை கூடியபோது இதைப்பற்றி நீண்ட நேரம் பேசினோம். யார் சொன்னாலும் அந்த வார்த்தை பலித்ததுதானே, யோபுவின் பின்னிலைமையை முன்னிலைமையைவிடக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 42ஆம் அதிகாரம் சொல்கிறதே என்று ஒரு அங்கத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதே அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில், என்னைக் குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுள் யோபுவின் இன்னொரு சிநேகிதனான எலிப்பாசிடம் கோபத்தோடு சொல்கிறார். அந்தக் கோபம் பில்தாத் உட்பட அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும் மூண்டது. ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியாகக் கொண்டு யோபுவிடமே போகச் சொல்கிறார். யோபு அவர்களுக்காக வேண்டுதல் செய்யவேண்டியிருந்தது. ஆகவே யோபு மீண்டது பில்தாத் சொன்ன வழியாலல்ல. தன் பிள்ளைகளின் பாவத்தை ஒப்புக்கொண்டு அவன் மீளவில்லை. ஒரு வசனம் வேதாகமத்துக்குள் இருப்பதும் அது கடவுளுடைய வாக்காக இருப்பதும் ஒன்றல்ல என்று அன்று விளங்கிக்கொண்டோம். பிழையான பேச்சையும் வேதாகமம் பதிந்து வைத்திருக்கிறது. அது பிழை என்று சொல்லும் இடம்வரை வாசிப்பது எங்கள் பொறுப்பு.

அதன்பின் யோபுவின் 42 அதிகாரங்களையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது என்று தீர்மானித்தோம். இளம் அங்கத்தவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: யோபு பேசுகிற பகுதிக்கு நீலப் பென்சில், சிநேகிதர் பேசுகிற பகுதிக்குச் சிவப்பு, கர்த்தர் பேசுகிற பகுதிக்கு மஞ்சள். சிலருக்கு வேதாகமத்தில் நிறம் பூச மனம் வரவில்லை. அவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தபோது வீட்டுச் சுவர்களில் தொங்கும் வேறு சில வசனங்களும் அதற்குள் அகப்பட்டன. முதல் இரண்டு அதிகாரங்களுக்குப் பிறகு 38ஆம் அதிகாரத்தில் மஞ்சள் மறுபடி வரும்வரை எவ்வளவு நேரம் கடவுள் பேசாமல் இருந்தார் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசி அதிகாரத்தை வாசித்த நாளில் அந்தத் தாய் இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். யோபுவுக்கு முதலில் 7,000 ஆடுகள், பிறகு 14,000. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆனது. ஏர்மாடும் கழுதையும் அப்படியே. பிள்ளைகள் மட்டும் முன்னும் ஏழு ஆண், மூன்று பெண். பின்னும் ஏழு ஆண், மூன்று பெண். “ஆடு மாடெல்லாம் ரெட்டிச்சுது, பிள்ளையள் ரெட்டிக்கேல்லை. ஏனெண்டால் முந்தின பத்தும் இன்னும் அவனுடைய பிள்ளையள்தான்” என்றார். இறந்த பிள்ளைகள் தொலைந்துபோனவர்கள் அல்ல என்று இந்த இடத்தைப் பழையகாலத்திலிருந்தே பலர் விளக்கியிருக்கிறார்கள் என்று போதகர் ஐயா கூறினார். கூடவே, எண்ணிக்கையைத்தான் வசனம் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை, எது வசனம் எது எங்கள் விளக்கம் என்று பிரித்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டோம். எனக்கு அந்தத் தாய் சொன்னதுதான் இந்த ஆண்டின் மிகச் சிறந்த வாசிப்பு.

யோபுவிலிருந்து லூக்கா 13க்குப் போனோம். போர் முடிந்த காலத்தில், இது பாவத்துக்குக் கிடைத்த கூலி என்ற பேச்சைக் கேளாதவர் எங்களில் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொல்கிறார். அந்த “அப்படியல்ல” என்பதை அன்று ஒரு அங்கத்தவர் மூன்று தரம் வாசித்தார்.

எரேமியா 29:11 இடம்பெயர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த வசனம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று செட்டிகுளம் முகாமில் கொட்டில் தடியில் எழுதி வைத்திருந்தவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அதை ஒரு கடிதத்தின் பகுதியாக இவ்வாண்டு வாசித்தோம். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். எரேமியா எழுபது வருடம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண் மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினோராம் வசனம் எழுதப்பட்டது. முழுக் கடிதத்தையும் வாசித்தபின் அந்த வசனம் சிறுத்துப்போகவில்லை, முன்பைவிடப் பாரமானது.

மொழிபற்றியும் கற்றோம். பழைய திருப்புதலில், அதாவது 1871இன் மொழிபெயர்ப்பில், மரியாதைக்கு “நீர்” வரும். “நீங்கள்” வந்தால் பன்மைதான். இதைத் தெரிந்துகொண்டு லூக்கா 22ஐப் பாருங்கள். பேதுரு என்கிற சீமோனிடம் பேசும்போது, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல் சாத்தான் “உங்களை”ப் புடைக்கக் கேட்டான் என்கிறார் ஆண்டவர். அடுத்த வசனத்தில் “உனக்காக” வேண்டிக்கொண்டேன் என்கிறார். புடைபடப் போவது எல்லோரும், பெயர் சொல்லி வேண்டப்படுபவன் மறுதலிக்கப்போகிறவன். கிரேக்க மூலத்திலும் இந்த ஒருமை பன்மை இருக்கிறது.

ஆனால் “நாம்”, “நாங்கள்” என்ற வேறுபாடு கிரேக்கத்தில் இல்லை. அங்கே தமிழில் பெயர்த்தவர்தான் முடிவெடுக்கவேண்டும். மாற்கு நாலாம் அதிகாரத்தில் புயலில் சீஷர், “நாங்கள்” மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் அங்கத்தவர் இதில் நின்றுவிட்டார். ஒரே வள்ளத்தில் இருக்கிறவரைப் பார்த்து ஏன் “நாங்கள்”, அவரும் சேர்ந்துதானே தாழப்போகிறார் என்றார். பயத்தில் அவரைத் தங்களிலிருந்து பிரித்துவிட்டார்கள் என்றார் ஒருவர். அவர் தாழமாட்டார் என்று அறியாமலே அறிந்திருந்தார்கள் என்றார் இன்னொருவர். அது மொழிபெயர்ப்பாளரின் தெரிவு என்பதை மறவாமல் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

கத்தோலிக்க அங்கத்தவர்கள் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பைக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் 1871இன் திருப்புதலை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது முதலில் தடுமாற்றமாக இருந்தது, இப்போது அது இல்லாமல் முடியாது. எங்கள் வடபுலத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். தமிழ் சரியாக அமையவேண்டும் என்ற அக்கறை மத எல்லையைக் கடந்து நின்றது.

முதலாம் தீமோத்தேயு மூன்றில் சபைப் பொறுப்பாளரைப் பற்றி “கண்காணியானவன் குற்றஞ்சாட்டப்படாதவன்” என்று வந்தபோது, 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்து அம்மா ஒருவர், தன் தகப்பன் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த கண்காணியிடம் பட்டதைச் சொன்னார். கிரேக்கச் சொல்லும் மேற்பார்ப்பவர் என்றே பொருள்படும், பெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லில் அவர் கேட்பது எங்களுக்குக் கேட்பதில்லை. கடிதம் அந்தப் பொறுப்புக்கு என்னென்ன தகைமை கேட்கிறதென்று அவரே வரிவரியாக வாசித்து, “அடிக்கிறவனாயிருக்கக் கூடாது” என்ற கருத்து வந்த இடத்தில் நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

குறைகளும் உண்டு. தனியார் வகுப்புகளால் உயர்தர மாணவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலைத் தொடங்கி மூன்று கூட்டத்தில் நிறுத்தினோம். அடையாளங்களை இன்றைய செய்திகளோடு பொருத்தும் ஆசையை அடக்க எங்களால் முடியவில்லை. பழைய ஏற்பாட்டைப் போதியளவு படித்தபின் திரும்புவோம். பார்வை குறைந்த அங்கத்தவர்களுக்கு வீட்டில் வாசித்துக்காட்டும் ஒழுங்கு இன்னும் சரிவரவில்லை.

மண்டபம் தந்த இரு ஆலயங்களுக்கும், தேநீருக்குப் பால் தந்த அயலவர்களுக்கும், மழையில் உழவு இயந்திரத்தில் ஆட்களை ஏற்றிவந்த அங்கத்தவருக்கும் நன்றி.

வரும் புதுவருடத்துக்கு அட்டை அச்சடிப்பதில்லை என்று நிர்வாகசபை தீர்மானித்துள்ளது. பதிலாக, இழப்பு நேர்ந்த வீடுகளுக்கு இருவர் மூவராகப் போவதென்று முடிவு. அந்தத் தாய் இதற்கு யோபு இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வழிகாட்டியாகத் தந்தார். சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த இடம் அது. அதுவரை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்றார். முதல் வீட்டுக்கு அடுத்த ஞாயிறு அவரோடு நான் போகிறேன். இன்னும் ஒருவர் தேவை. விரும்புபவர் கூட்டம் முடிந்ததும் பெயரைத் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்
வேதவாசிப்பு வட்டம்
கிளிநொச்சி மாவட்டம்