மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டியவர்களுக்கு நன்றி

லேசான அறிதிறன் குறைபாடு (நினைவும் யோசிக்கும் திறனும் சற்றுக் குறைந்த நிலை) உள்ள பெரியவர்களின் அன்றாடச் செயல்பாட்டை மதிப்பிட உதவிய அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி அந்தப் பெரியவர்களுக்கே. குளிப்பதும் உடுத்துவதும் சாப்பிடுவதும் அவர்களுக்குச் சிரமமில்லை. பணம், மருந்து, சமையல், பயணம் என்று பல படிகள் உள்ள வேலைகளில்தான் சறுக்கல். அதை இன்னொருவர் கண்ணெதிரே செய்து காட்டத் துணிச்சல் வேண்டும். ஏழு நாள், நான்கு வேளை, ஆக 28 அறைகள் உள்ள பெட்டியை நிரப்பும்போது மாத்திரையின் பெயர் பெரும்பாலும் மறப்பதில்லை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எந்த அறையில் விட்டோம் என்பது போய்விடுகிறது. ஓர் அறையில் இரண்டு விழும், அடுத்தது காலியாக நிற்கும். ஒரு மருந்தை ஏழு நாளுக்கும் போட்டு, அட்டையை ஓரமாக வைத்த பிறகே அடுத்ததைத் தொடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. அந்த முறையை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க அனுமதித்தீர்கள். மிக்க நன்றி.

உடன் வந்த வாழ்க்கைத் துணைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த நன்றி. 1982-இல் பெஃபர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட, அன்றாட வேலைகளைப் பற்றி உடனிருப்பவரிடம் கேட்கும் வினாப்பட்டியலில் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கூடக்கூடச் சிரமம் அதிகம். “அவர் எப்பவுமே பில் கட்டினதில்லை” என்பதோடு நிறுத்தாமல், இப்போது கட்டச் சொன்னால் முடியுமா என்பதையும் யோசித்துச் சொன்னீர்கள். முடியும் என்றால் 0, சிரமப்படுவார் என்றால் 1. “இப்பல்லாம் நான்தான் பண்றேன்” என்று ஒப்புக்கொண்டவர்களுக்குத் தனி நன்றி. துணை சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்ட வேலைதான் எந்தப் படிவத்திலும் எளிதில் தப்பிவிடும்.

கடையில் தாமாக வாங்கிய சளி, தூக்க மாத்திரைகளைத் தேடிப் பார்த்து, டைஃபென்ஹைட்ரமின் என்ற தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து உள்ளவற்றைச் சுட்டிக்காட்டிய மருந்தாளுநர்களுக்கும் நன்றி. முதுமையில் அது நினைவை மேலும் மங்க வைக்கும். மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க பி12 வைட்டமின், தைராய்டு, காது கேட்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்தவர்களையும் மறக்கவில்லை.

அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளே, “எட்டு மணி மாத்திரை”யைக் “காலைச் சாப்பாட்டு மாத்திரை”யாக மாற்றியது நீங்கள். அலாரத்தை அணைத்ததுமே வேலை முடிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெட்டியைத் தாண்டிப் போவது கடினம்.

வாரக் கடைசியில் மீந்த மாத்திரைகளை எண்ணிக் குறித்துத் தரும் குடும்பத்தாருக்கும் நன்றி. எத்தனை மீந்தது என்பதோடு எந்த வேளை மீந்தது என்பதையும் எழுதுங்கள். மாற்ற வேண்டியது அந்த ஒரு வேளையை மட்டுமாகவும் இருக்கலாம்.