பிரிப்பதற்கு முன் மலையேற்றிப் பாருங்கள்

கார் உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச்சுகள் மாறி மாறி இயங்கித் தானே கியர் மாற்றும்) தானியங்கி காரைக் கோவையில் புதிதாக வாங்கி, குன்னூரில் வைத்து ஓட்டிவருகிறேன். முதல் சர்வீஸுக்கு முன்பே, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் பர்லியாறு தாண்டியதும் கியர்பாக்ஸ் சூடேறிவிட்டதாக எச்சரிக்கை வந்து வண்டி இழுக்காமல் நின்றது. மென்பொருளைப் புதுப்பித்த பிறகும் கோளாறு தொடர்ந்ததால், இப்போது கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து கிளட்ச் தொகுதியை மாற்ற, தங்கள் சர்வீஸ் சென்டரில் என் ஒப்புதலைக் கேட்கிறார்கள்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இதே சர்வீஸ் சென்டர் முன்பு தந்த ஜாப் கார்டில் "கோளாறு எதுவும் காணப்படவில்லை, ஓட்டும் முறையைக் கவனிக்கவும்" என்று எழுதியிருந்தது. அவர்கள் ஓட்டிப் பார்த்தது அவிநாசி சாலையில்; அங்கே ஏற்றம் என்று சொல்ல மேம்பாலம் மட்டுமே உண்டு. குன்னூர் மலைப்பாதையோ 14 கொண்டை ஊசி வளைவுகளோடு, 35 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறுவது. சீசன் காலத்தில் குன்னூர் வழியை ஏறுவதற்கும் கோத்தகிரி வழியை இறங்குவதற்கும் ஒதுக்கிவிடுவதால், உள்ளூர்க்காரர்களும் சுற்றுலா வண்டிகளின் பின்னால் ஊர்ந்துதான் வீடு சேர வேண்டும். இதில் ஓட்டும் முறையை நான் எப்படி மாற்றிக்கொள்வது?

இந்தக் காரில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும்போது அதன் தட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருப்பதால் வெப்பம் ஏறுகிறது. அந்த வெப்பத்தை ஆற்ற அங்கே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. வரம்பு மீறியதும் கட்டுப்பாட்டு மென்பொருள் கிளட்ச்சைக் காப்பாற்ற இழுவையைத் துண்டிக்கிறது. ஆகவே பழுதான உதிரிபாகத்தால் வெப்பம் ஏறுகிறதா, அல்லது இந்த அமைப்பின் இயல்பே இதுதானா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். முன்னது என்றால் மாற்றுங்கள். பின்னது என்றால், புதிய கிளட்ச்சும் அதே பர்லியாற்றில்தான் நிற்கும். புதிய காரைப் பிரித்து மூடியதுதான் மிச்சம்.

எனவே, தங்கள் தொழில்நுட்பப் பொறியாளர் ஒருவர் என்னுடன் இதே வண்டியில், கணினியை இணைத்து வெப்பநிலையைப் பதிந்தபடி, போக்குவரத்து நெரிசலுள்ள நாளில் கல்லாறிலிருந்து குன்னூர்வரை வர வேண்டும். கண்டறிந்த காரணத்தை நிறுவனத்தின் கையொப்பத்துடன் தர வேண்டும். பழுதுபார்ப்பு அவசியமென்றால், பிரித்துச் சேர்த்த கியர்பாக்ஸ் அல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வந்த முழுப் புதிய கியர்பாக்ஸைப் பொருத்தி, அதற்கு அன்றிலிருந்தே வாரண்டி தொடங்குவதாக எழுதித் தர வேண்டும். மாற்று வண்டி பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகையிலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிட எனக்கு உரிமை உண்டு. குறையுள்ள பொருளை உரிய ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும், மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உள்ளது. அங்கே கேட்கப்படப்போகும் முதல் கேள்வியும் காரணம் என்ன என்பதாகவே இருக்கும் என்பதால், அதைத் தாங்களே முன்கூட்டிக் கண்டறிவது இரு தரப்புக்கும் நல்லது.

வண்டி தங்கள் பணிமனையில்தான் நிற்கிறது. எழுத்துமூலமான பதில் என் கைக்கு வரும்வரை கியர்பாக்ஸின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர் வாடிக்கையாளர்