குதிரைத்திறன் போடுகிறீர்கள், சீட் உயரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். ஸ்போர்ட்ஸ் பைக் பற்றி எழுதினால் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், என்ன விலை, எந்தெந்தக் கலரில் வருகிறது என்று எல்லாமே வந்துவிடுகிறது, அந்த வண்டியில் யார் உட்கார முடியும் என்பது மட்டும் வருவதில்லை. ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கிற எனக்கும் ஆறடி இருக்கிற என் தம்பிக்கும் ஒரே வண்டி ஒன்றுபோலப் பொருந்துமா? பொருந்தாது. எங்கள் இருவருக்குமே ஸ்போர்ட்ஸ் பைக் பைத்தியம் உண்டு, அதனால் மதுரையில் இருக்கிற ஷோரூம்கள் பலவற்றில் ஏறி இறங்கியாயிற்று. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சீட் உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கவாசாகி நிஞ்சா 300-க்கு 780 மி.மீ., நம் ஊரில் தாத்தா முதல் பேரன் வரை ஓட்டுகிற ஸ்ப்ளெண்டருக்கு 785. பார்த்தாலே மிரட்டுகிற நிஞ்சாவின் சீட் ஸ்ப்ளெண்டரை விட ஒன்றரை நூல் தாழ்வு என்றால் யார் நம்புவார்கள்? சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250-க்கு 800, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 810, யமஹா ஆர்15 வி4-க்கு 815. இந்த நாலில் சின்ன இன்ஜின் ஆர்15-க்குத்தான், ஆனால் சீட் அதற்குத்தான் உயரம். சரி, அப்படியானால் குள்ளமானவர்கள் நிஞ்சா வாங்கிவிடலாமா என்றால் அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை, ஏனென்றால் நிஞ்சாவின் எடை 179 கிலோ, ஆர்15 அதைவிட முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் குறைவு. நிற்கும்போது வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் அந்த முப்பத்தைந்து கிலோ என்னவென்று அப்போது தெரியும்.

இந்த எண்களும் பாதிக் கதைதான். சீட் முன்பக்கம் ஒல்லியாக இருந்தால் கால் நேராகக் கீழே இறங்கும், அகலமாக இருந்தால் தொடை விரிந்து அதிலேயே ஒரு அங்குலம் போய்விடும். அப்புறம், ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங், கொஞ்சம் அமுங்கும். என்னைப் போல எடை குறைந்தவர்களுக்கு அது அவ்வளவாக அமுங்காது, எண்பது கிலோ ஆளுக்கு நன்றாக இறங்கிக் கொடுக்கும். ஆகவே ஒருவருடைய மொத்த உயரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. பேன்ட் தைக்கும்போது டெய்லர் எடுக்கிறாரே உள்கால் அளவு, அது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. வழக்கமாகப் போடும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு போய் உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அவசியமே இல்லை. இடது காலின் முன்பாதம் அழுத்தமாக ஊன்றினால் போதும், வலது கால் பின் பிரேக்கில் இருக்கலாம், தேவைப்பட்டால் இடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி உட்காரலாம். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தண்ணீர் வடிய வேண்டும் என்று ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுகிறார்கள், நாமோ இடப்பக்கம் போகிறவர்கள், அதனால் நாம் கால் ஊன்றுகிற பக்கம்தான் எப்போதும் பள்ளம். கோரிப்பாளையம் சிக்னலில் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தால் புரியும், ஷோரூம் டைல்ஸ் தரையில் எட்டிய கால் அங்கே எட்டாது. மணல் வேறு கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

கால் எட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805, அப்பாச்சி ஆர்ஆர் 310-ன் உயரம் 810. ஐந்தே மி.மீ. வித்தியாசம், ஆனால் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். கை, இடுப்பு, பாதம் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் கைப்பிடி தாழ்ந்து முன்னால் போய்விடும், ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி உயரத்தில் இருக்கும், முட்டி நன்றாக மடங்கும், உடம்பு டேங்க் மேல் சாயும். வளைவில் வண்டியை எவ்வளவு சாய்த்தாலும் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசக் கூடாது, வேகத்தில் காற்று நெஞ்சில் முழுசாக மோதக் கூடாது என்பதற்காக ரேஸ் டிராக்கில் உண்டான உட்காரும் முறை இது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் மணிக்கட்டில் பாரம் குறையும். திருச்சி நான்கு வழிச்சாலையில் மேலூர் தாண்டிப் போகும்போது இந்த வண்டிகள் சுகமாக இருப்பதற்கு அதுதான் காரணம். காளவாசலில் இருந்து பெரியார் நிலையம் வரை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிறபோது எந்தக் காற்று தாங்கும்? மேல் உடம்பின் பாரம் முழுக்க இரண்டு உள்ளங்கையில்தான் இறங்கும். கொஞ்ச நேரத்தில் சுண்டு விரல் மரத்துப்போகும், தோள்பட்டை இறுகும், சித்திரை வெயிலில் ரேடியேட்டர் ஃபேன் வேறு சூட்டைத் தொடையில் ஊதும். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, கையில் பாரம் போடாமல் ஓட்டப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும், மறுக்கவில்லை, ஆனால் டேங்கின் வடிவம் நம் தொடைக்குப் பொருந்தினால்தானே பிடிக்க முடியும்.

இதில் என் தம்பிக்குத்தான் கஷ்டம் அதிகம். நெட்டையாக இருந்தால் எல்லா பைக்கும் பொருந்தும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அவனுக்குக் கால் எட்டுவது பிரச்சினையே இல்லை, முட்டியை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. டேங்கில் முட்டிக்கென்று விட்டிருக்கும் பள்ளத்தைத் தாண்டி அவன் முட்டி ஃபேரிங்கில், அதாவது வண்டியின் முன்பக்கத்தை மூடியிருக்கிற உறையில், இடிக்கிறது. கியர் மாற்றப் பாதத்தை மடக்கினால் கணுக்கால் வலிக்கிறது. எனக்கோ பிரேக் லீவர் தூரம், விரல் நுனிதான் படும். சில வண்டிகளில் லீவரை அருகில் கொண்டுவர ஒரு சின்னத் திருகு சக்கரம் இருக்கும், அது இருக்கிறதா இல்லையா என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி போட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

ஷோரூம் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், ஒரு கடையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் விற்பனையாளர் என் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ஸ்கூட்டர் காட்டவா சார்?" என்று அவனிடமே கேட்டார். இன்னொரு கடையில் டெஸ்ட் ரைடு என்றால் எதிரே இருக்கிற திருப்பம் வரை போய்விட்டுத் திரும்பிவிட வேண்டும், பின்னால் அவர்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து வருவார். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து வாங்குகிற வண்டியை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து என்ன தெரியும்? மணிக்கட்டு வலியும் முதுகு வலியும் அரை மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். நத்தம் ரோடு மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதில் ஒரு தடவை போய், திரும்பும்போது கோரிப்பாளையம் நெரிசலில் கொஞ்சம் நின்று வந்தால் வேகமும் தெரிந்துவிடும், ஊர்தலும் தெரிந்துவிடும். லைசென்ஸ் நகலை வாங்கி வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் கடைக்காரர்களுக்கு என்ன நஷ்டம்?

"முதலில் வாங்குங்கள், அப்புறம் பார்த்துக்கலாம், லோயரிங் போட்டுக்கலாம்" என்று ஒரு யோசனை எல்லாக் கடையிலும் வரும். கவனமாக இருங்கள். பின்பக்க சஸ்பென்ஷனில் இருக்கிற லிங்க் என்ற இணைப்புத் துண்டை மாற்றி வண்டியைத் தாழ்த்தினால் ஹேண்டிலின் கோணம் மாறி வண்டி திரும்புகிற விதமே மாறும், சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டது போல வண்டி நிமிர்ந்து நின்று எந்தக் காற்றில் விழுமோ என்றிருக்கும், நம் ஊர் வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்கும். இதுபோக, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. செய்யக்கூடிய சின்ன வேலைகள் வேறு. பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கிற அளவு, அதை மாற்றும் வசதி இருக்கிற வண்டியில் அதைத் தளர்த்திப் பார்க்கலாம். சீட் கடையில் கொடுத்து முன்பக்க ஃபோமை ஓரங்களில் கொஞ்சம் செதுக்கி ஒல்லியாக்கலாம், அதிகமாக எடுத்தால் பலகையில் உட்கார்ந்தது போல ஆகிவிடும்.

பின்சீட் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் அம்மா இந்த வண்டிகளைப் பார்த்துவிட்டு, "இதுல ஏறுறதுக்கு ஏணி வேணும்டி" என்றார். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவர்களுக்கு அந்த உள்ளங்கை அகல சீட் ஆபத்து. வீட்டில் இருப்பது ஒரே வண்டி என்றால் இதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

குள்ளமானவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மோட்டோஜிபி என்கிற உலக பைக் பந்தயத்தில் ஓட்டிய டானி பெட்ரோசா ஏறத்தாழ ஐந்தடி மூன்று அங்குலம்தான். மோட்டோஜிபி வண்டியில் 31 பந்தயம் ஜெயித்தவர். அவருக்கு வண்டியை அளவெடுத்துச் சரிசெய்து கொடுக்க ஒரு டீமே இருந்தது, எங்களுக்கு இருப்பது உங்கள் வாகனப் பக்கம்.

அதனால் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை ஓட்டிப் பார்த்து எழுதும்போது ஐந்தடி சில்லறை உயரம் உள்ள ஒருவரையும் ஆறடி ஆள் ஒருவரையும் ஓட்டச் சொல்லி, அவர்களுடைய உயரத்தையும் உள்கால் அளவையும் சேர்த்துப் போடுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வண்டி வளைவில் சாய்ந்து பறக்கிற படம் ஒன்று போதும். இன்னொரு படம், சிக்னலில் நிறுத்தி ஓட்டுபவர் கால் ஊன்றி நிற்பதைப் பக்கவாட்டில் எடுத்தது, பாதம் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.