குரலுக்கு வயதானால் முகத்துக்கும் ஆகட்டுமே

நவம்பர் 2021

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில், அடிமூலையில், ‘40 ஆண்டுகளுக்குப் பின் மேடையேறும் அப்பா’ என்று ஐந்து வரிச் செய்தி வந்திருந்தது. ‘யாருடைய அப்பா?’ என்று கேட்டாள் என் மனைவி. ஸ்வீடன் நாட்டுப் பாட்டுக்குழு, அக்னேத்தா, பியோர்ன், பென்னி, ஆன்னி-ஃப்ரிட் என்ற நால்வரின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் என்று விளக்கினேன். வீட்டில் மேலும் குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கடிதத்தில் ‘அபா’ என்றே எழுதுகிறேன்.

ஆனால், நான் எழுத வந்தது பெயரைப் பற்றி அல்ல. அவர்கள் மேடையேறப் போவதில்லை. இந்த நவம்பர் 5 அன்று ‘வாயேஜ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டிருப்பது உண்மை. 1981-க்குப் பிறகு அவர்கள் செய்த முதல் ஆல்பம் அது. அடுத்த ஆண்டு மே 27 அன்று லண்டனில் தொடங்கும் நிகழ்ச்சியிலோ ஆடிப் பாடப் போவது கணினியில் செய்த உருவங்கள். நால்வரும் உடலோடு ஒட்டிய உடை அணிந்து, ஐந்து வாரம், 160 கேமராக்களுக்கு நடுவே நடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அசைவுகளின் மேல் 1979-இல் அவர்களுக்கு இருந்த முகத்தைப் போர்த்திவிடுகிறார்கள். உடன் வாசிக்கும் பத்துப் பேர் மட்டுமே உயிருள்ளவர்கள். இதற்கென்றே 3,000 பேர் கொள்ளும் அரங்கு ஒன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஐந்து வரியில் இத்தனையும் அடங்காதுதான். ‘மேடையேறும்’ என்ற ஒரு சொல்லையாவது தவிர்த்திருக்கலாம்.

பொன்மலையில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். ரயில்வே பணிமனையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எதிர் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்காள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் போய்வந்ததும் டேப் ரெக்கார்டரை ஜன்னல் திண்டில் வைத்து, தெருவுக்கே கேட்கும்படி அபாவைப் போடுவார். அர்த்தம் புரியாமலே எனக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம். சம்பளம் வாங்கத் தொடங்கியதும், மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் 60 நிமிட கேசட்டைக் கொடுத்து, பதிந்து தரச் சொல்லி 14 அபா பாட்டுகளின் பட்டியலை எழுதிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் ஒன்பதுதான் அபா, மீதி ஐந்து போனி எம். என்ற வேறொரு குழு. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “எல்லாம் ஒரே சத்தம்தானே, சார்” என்றார் கடைக்காரர்.

இப்போது வெளிநாட்டு விமர்சகர்கள் சிலர் எழுதுவதைப் பார்த்தால் அந்தக் கடைக்காரர் நினைவுதான் வருகிறது. புதிதாக ஒன்றுமில்லை, அதே பியானோ, அதே மெட்டு என்கிறார்கள். ரசிகர்களோ கேட்டோம், அழுதோம் என்கிறார்கள். பிரிட்டனில் முதல் வாரத்திலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் விற்று முதலிடத்துக்குப் போய்விட்டது. கேசட்டாகக்கூட வெளியிட்டிருக்கிறார்கள் என்று அறிந்து பரணிலிருந்து என் பழைய பிளேயரை இறக்கினேன். பெல்ட் அறுந்து கிடக்கிறது. பேரன் தன் கைபேசியில் போட்டுக் கொடுத்தான்.

இரு தரப்பாரும் காதில் வாங்காத ஒன்று, அந்தப் பெண்களின் குரல். ஆன்னி-ஃப்ரிட்டுக்கு இந்த மாதம் 76 நிறைந்தது. அக்னேத்தாவுக்கு 71. ‘ஐ ஸ்டில் ஹாவ் ஃபெய்த் இன் யூ’ என்ற முதல் பாட்டை ஆன்னி-ஃப்ரிட் தொடங்கும்போது, இது யார் என்று ஒரு கணம் திகைத்தேன். சுருதி இறங்கி, குரலில் கொஞ்சம் மண் கலந்திருக்கிறது. அதை மூடி மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. நம் ஊரில் மூத்த வித்வான்கள் அரைக் கட்டை குறைத்துப் பாடினால் குறை என்றா சொல்கிறோம்?

‘கீப் ஆன் ஐ ஆன் டேன்’ என்றொரு பாட்டு. மணவிலக்குப் பெற்ற ஒரு தாய், வார இறுதிக்கு மகனைத் தகப்பன் வீட்டில் விட்டுவிட்டு, அவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. எழுதிய பியோர்னும் பாடும் அக்னேத்தாவும் ஒரு காலத்தில் கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகளைப் பெற்றுப் பிரிந்தவர்கள். பாட்டு ஓய்ந்தபின் கடைசியில் பியானோ மட்டும் சில சுரங்களை மெல்ல வாசித்துவிட்டு நிற்கிறது. 1975-இல் வந்த ‘எஸ்.ஓ.எஸ்.’ பாட்டின் பியானோ அது! எதிர் வீட்டு ஜன்னலில் கேட்ட அதே சுரங்கள். பேரனிடம் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ‘லிட்டில் திங்ஸ்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டில் குழந்தைகளின் கோரஸ் வேறு சேர்ந்து, பாயசத்தில் மேலும் வெல்லம் போட்டதுபோல் திகட்டுகிறது. ‘ஜஸ்ட் எ நோஷன்’ பாட்டில் 1978-இல் பாடி வைத்திருந்த குரலை எடுத்து, புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். தனியாகக் கேட்டால் துள்ளலான பாட்டுதான். மற்ற ஒன்பதின் நடுவில், கல்யாண ஆல்பத்துப் புகைப்படம் ஒன்று ரேஷன் அட்டையில் ஒட்டியதுபோல் இருக்கிறது.

என் வருத்தமே அதுதான், ஐயா. ஆல்பத்தில் குரலின் வயதை மறைக்காதவர்கள் அரங்கில் முகத்தின் வயதை ஏன் மறைக்க வேண்டும்? நால்வரும் நான்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினால் கூட்டம் வராதா? இந்தத் தந்திரம் பழகிவிட்டால், நாளை உலகெங்கும் மூத்த கலைஞர்களிடம் “நீங்கள் வர வேண்டாம், உங்கள் முப்பது வயதை மட்டும் அனுப்புங்கள்” என்பார்கள்.

எதிர் வீட்டு அக்காளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். 1984-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனவர். அபா அந்த ஊரில் வந்து பாடியது 1977-இல். இவர் போய் இறங்கியபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது. அக்காளுக்கு என் வாதம் எதுவும் ஏறவில்லை. “பொம்மையானால் என்னடா, கூட நின்று பாட மூவாயிரம் பேர் இருப்பார்களே” என்கிறார். மகன் ஜூன் மாதத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டானாம். கொரோனாவுக்காக அடைத்த மாநில எல்லையை இன்னும் திறக்கவில்லை, திறந்தால் போவாராம்.

தங்கள்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.