அந்த ஒற்றை ஓட்டுக்கு நன்றி

மொடக்குறிச்சித் தொகுதி வாக்காளப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஜெயித்தவர்கள் மறுநாளே வேனில் ஏறி நன்றி சொல்லிவிடுவார்கள். தோற்றவனுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் நம் தொகுதியில் நின்ற 1,033 பேரில் நானும் ஒருவன். வாங்கியது ஒரு ஓட்டு.

ஜெயிக்கவா நின்றோம்? விவசாயிகள் கேட்டது எதுவும் மேலே இருப்பவர்கள் காதில் ஏறவில்லை. ஆயிரம் பேர் மனுப் போட்டால் டெல்லிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பேசிக்கொண்டு நின்றோம். பார்த்தார்கள். அதுவரை 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை அதே வருஷம் 5,000 ஆக்கிவிட்டார்கள்.

முதல் நன்றி அந்த 250 ரூபாய்க்கு. மஞ்சள் விற்ற காசு கைக்கு வராத நேரம். டீக்கடை அண்ணன் கல்லாவைத் துழாவி, பத்தும் இருபதுமாக எண்ணி, சில்லறையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். டெபாசிட் திரும்பி வராது என்று அவருக்கும் தெரியும். நான் திருப்பிக் கொடுக்க நாலு மாசம் ஆனது. ஒரு நாளும் கேட்கவில்லை. 'எம்.எல்.ஏ.வுக்கு ஒரு டீ போடு' என்று உள்ளே குரல் கொடுப்பதோடு சரி.

அப்புறம், என்னை முன்மொழிந்த மாப்பிள்ளை. "கையெழுத்துப் போடறேனுங்க மாமா, ஓட்டு மட்டும் கேக்காதீங்க" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

தேர்தல் வேலை பார்த்த வாத்தியார்களுக்கு எங்கள் ஆயிரம் பேர் சார்பிலும் நன்றி சொல்ல வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். ஓட்டுச் சீட்டு சீட்டாகவா வந்தது? புத்தகமாக வந்தது. அதை ஆளாளுக்குக் கொடுத்து, விளக்கி, மடிக்கச் சொல்லி, கடைசியில் ஒவ்வொன்றாகப் பிரித்து முத்திரை எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று புரட்டித் தேடியவர்கள் அவர்கள். ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஆக, நான் கடைசி இல்லை.

'உன் ஓட்டாவது உனக்கு விழுந்துதே' என்று ஊரே கேலி பேசியது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன், அந்த ஓட்டு என்னுடையது இல்லை. அட்டை மறைப்புக்குள் நின்று பக்கம் பக்கமாகத் தள்ளினேன். கண்ணாடி எடுத்துப் போகவில்லை. பேர்கள் எறும்புச் சாரி மாதிரி ஓடின. வெளியே, "என்னங்க, உள்ள தூங்கிட்டாரா?" என்று ஒரு அம்மா சத்தம் போட்டார். வெட்கமாகப் போய்விட்டது. கண்ணில் பட்ட தெரிந்த சின்னம் ஒன்றில் குத்திவிட்டு வந்துவிட்டேன். வீட்டு அம்மணியைக் கேட்டால், தன் ஓட்டும் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறாள்.

2021ல் இதே தொகுதியில் அதே சுப்புலட்சுமி அம்மா, பா.ஜ.க.வின் சரஸ்வதி அம்மாவிடம் வெறும் 281 ஓட்டில் தோற்றார். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது. அத்தனை பக்கம் புரட்டி, நானே கண்டுபிடிக்காத என் பேரைக் கண்டுபிடித்துக் குத்தினீர்களே, நீங்கள் யாருங்க? கை தவறி விழுந்த முத்திரையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் டீக்கடைப் பக்கம் வாருங்கள். டீ என் கணக்கில்.

இப்படிக்கு,
டெபாசிட் இழந்த சுயேச்சை ஒருவன்