மோட்டாரில் வராதே ஐயா

கர்த்தருக்குள் பிரியமான ஐயாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்தது. அப்பா சபையில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்துப்போகிறார். பணம் அனுப்பத் தெரிந்த பிள்ளைக்குப் போன் எடுக்கத்தான் தெரியவில்லை. பட்டர்வொர்த்துக்கு ஈடிஎஸ் ரயிலிலேயே வா. இரவில் மோட்டார் சைக்கிள் வேண்டாம்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. தேவன் காப்பார் என்று சொல்லும் சங்கீதம் 91 என்று வாயெடுத்ததும் "வைக்கிறேன்மா" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று இயேசுவைச் சோதித்தபோது, அந்தச் சங்கீதத்தைப் பிசாசும் சொன்னான். மத்தேயு 4:6-ஐ எடுத்துப் பார். தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்றவன், "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விழுங்கிவிட்டான். உப்பரிகையிலிருந்து குதிப்பது தேவன் காட்டிய வழியா? அதே சங்கீதத்தின் 15-ஆம் வசனம், "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. ஆபத்தே வராதென்றால் அந்த வார்த்தை எதற்கு?

அப்போஸ்தலர் 12-இல் ஏரோது ராஜா சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவைச் சிறையில் வைத்ததும் அதே ஏரோதுதான். 16 சேவகர் காவலிலிருந்து பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவந்தான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதத்தில் எங்கும் இல்லை, ஐயா. லூக்கா 21-ஐயும் பார். 16-ஆம் வசனத்தில் உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள் என்ற இயேசு, 18-இல் தலைமயிரில் ஒன்றும் அழியாது என்கிறார். சாவுகூடத் தம் பிள்ளையைத் தம் கையிலிருந்து பறிக்காது என்றுதான் சொல்கிறார்.

அதற்காகக் கவனமில்லாமல் இருக்கலாமா? அப்போஸ்தலர் 27-இல் புயலில் சிக்கிய பவுலின் கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் போகாது என்று தேவன் முன்பே சொல்லிவிட்டார். அப்படியும் கப்பலாட்கள் படவை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று சேவகரிடம் சொன்னான் பவுல். சேவகர் படவின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்தவரே கப்பலாட்களையும் வைத்துத்தான் காத்தார். ஹெல்மெட் வாரை இறுக்கிப் பூட்டு. இரவில் மோட்டார் எடுக்காதே.

தம்பியின் மோட்டார் சீட்டுக்கு அடியில் அந்தச் சங்கீதத்தை லேமினேட் செய்து வைத்தது நான்தான். இது இருந்தால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் இருவருக்கும் சொன்னதும் நான்தான். வேதம் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியும் 15-ஆம் வசனத்தை உங்களுக்கு நான் விளக்கவே இல்லை. வசனத்தைத் தாயத்தாக்கிக் கையில் கொடுத்துவிட்டேன். கோபம் இருந்தால் என்மேல் காட்டு ஐயா, ஆண்டவர்மேல் வேண்டாம்.

தம்பியின் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். உன் அறைக்குப் புது மெத்தை வாங்கியாச்சு. எந்த ரயில் என்று மட்டும் சொல், அப்பா ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார்.

உன் அம்மா