பாய்லர் போச்சு மக்களே: நம்ம சர்ச்சுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூணாவது ஞாயிறு சாயங்காலம் தமிழ் ஆராதனைக்கு வர்றவங்க, வராம வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் இருக்கவங்க, கிறிஸ்மஸ் கேரலுக்கு மட்டும் வந்து கேக் சாப்பிட்டுட்டு போறவங்க (உங்களையும் சேத்துத்தான்), எல்லாருக்கும் பாய்லர் கமிட்டி எழுதுறது. ஆமா, இங்க அமெரிக்காவுல குளிருக்கு சர்ச்ச சூடாக்குற பாய்லருக்குன்னே வெஸ்ட்ரில (சபை நிர்வாகக் குழு) ஒரு கமிட்டி போட்டிருக்காங்க, மொத்தம் ஏழு பேர், அதுல நாங்க ரெண்டு பேர் தமிழ் ஆளுங்க, அதனால இத தமிழ்ல எழுதுற வேலை எங்க தலையில விழுந்துச்சு. கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு உக்காந்து படிங்க.

ஜனவரில அந்த ஞாயித்துக்கிழமை வந்தவங்களுக்கு கதை தெரியும். வெளிய 14 டிகிரி, ஃபாரன்ஹீட்தான், ஊர்ல இருக்கவங்களுக்குச் சொல்லணும்னா மைனஸ் பத்து. காலைல எட்டு மணி ஆராதனைக்கு கதவத் திறந்தா உள்ள 46. ரெக்டர் அம்மா (நம்ம சபைப் போதகர்) அங்கிக்கு உள்ளயே ஜாக்கெட் போட்டு பாதி பூசணிக்கா மாதிரி நிக்கிறாங்க (அவங்களே சொல்லிச் சிரிச்சதுதான்), ஆர்கன் வாசிக்கிறவர் விரல் வெட்டின கிளவுஸோட வாசிச்சாரு, திருவிருந்துல பாத்திரத்த வாயில வச்சா வெள்ளி உதட்டுல ஒட்டுற மாதிரி அப்படி ஒரு சில்லுப்பு. பத்தரை மணி ஆராதனைய ஹால்ல ரெண்டு எலக்ட்ரிக் ஹீட்டர வச்சு ஒப்பேத்தினோம், அதுலயும் ஒண்ணு ஃபியூஸ தட்டி விட்டுடுச்சு.

மறுநாள் மெக்கானிக் வந்து டார்ச் அடிச்சுக் காமிச்சாரு. பாய்லர்ங்கிறது ஒரே பானை இல்ல, வார்ப்பிரும்புல செஞ்ச துண்டு துண்டான செக்‌ஷன்கள வரிசையா சேத்து இறுக்கினது, அதுல ரெண்டு செக்‌ஷன்ல தண்ணி மட்டத்துக்கு மேல விரிசல். ரெண்டு மாசமா சிம்னில இருந்து வெள்ளையா புகை நிறைய போகுதேன்னு நாங்களும் பாத்துட்டுதான் இருந்தோம், குளிர்காலம்னா அப்படித்தான்னு விட்டுட்டோம், அது புகையே இல்ல, ஆவி. ரூம சூடாக்குற ரேடியேட்டருக்குப் போக வேண்டிய ஆவி சிம்னி வழியா ஆகாசத்துக்குப் போயிருக்கு, போன தண்ணிக்குப் பதிலா ஆட்டோமேட்டிக்கா புதுத் தண்ணி உள்ள வந்துட்டே இருந்திருக்கு, புதுத் தண்ணில இருக்க ஆக்சிஜன் இரும்ப இன்னும் வேகமா அரிச்சிருக்கு. நம்ம காணிக்கைய நாமளே சிம்னில விட்டுட்டு கீழ நின்னு வேடிக்கை பாத்திருக்கோம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனி வந்து ஏதோ ஒரு திரவத்த உள்ள ஊத்திட்டு எல்லாம் அடைஞ்சிடும்னு சொல்லிட்டு பில் போட்டுட்டுப் போனாங்க, பேர் வேண்டாம், அடையல, அவ்வளவுதான்.

இப்ப ஒட்டு போட்டு, அழுத்தத்தக் குறைச்சு, ஏதோ ஓட்டிட்டோம் இந்த வருஷக் குளிர. அடுத்த குளிர் தாங்காதுன்னு மூணு பேர் வந்து பாத்துட்டு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க.

சரி, ஞாயிறு ரெண்டு மணி நேரம் கோட்டோட உக்காந்தா போச்சுன்னு சிலர் கேக்கலாம், குரூப்ல ஒருத்தர் கேட்டும் இருந்தாரு, நியாயமான கேள்விதான். ஆனா இந்தக் கட்டடம் ஞாயிறு மட்டும் ஓடுறது இல்ல. புதன்கிழமை ஃபுட் பேன்ட்ரி (கஷ்டப்படுறவங்களுக்கு இலவசமா சாப்பாட்டுச் சாமான் குடுக்கிறது), அதுக்கு ஒம்பது மணிக்கு திறக்கணும்னா எட்டரைக்கே லைன் நிக்கும், வயசானவங்க, கைக்குழந்தையோட வர்றவங்க எல்லாரையும் வெளிய நிக்க வைக்காம ஹாலுக்குள்ள உக்கார வச்சு காஃபி குடுக்கிறது நம்ம சர்ச் வழக்கம். குடிய விட்டவங்க ராத்திரி கூடுற ஏஏ மீட்டிங், சனிக்கிழமை ஸ்கவுட் பசங்க. ஹீட் இல்லாம பைப் உறைஞ்சு வெடிச்சா ஹால் தரை, கிச்சன், கீழ் ரூம்ல இருக்க பேன்ட்ரி சாமான் எல்லாம் போச்சு, அதோட செலவு பாய்லர் செலவ விட மேல.

இதெல்லாம் இங்கிலீஷ் லெட்டர்லயும் இருக்கு. தமிழ்ல தனியா எழுதுறதுக்கு எங்களுக்கு வேற ஒரு காரணம் இருக்கு.

நம்ம குடும்பத்துல ஒருத்தரோட அப்பா ஊர்ல தவறிட்டாரு, போன குளிர்காலத்துல. விசா ஸ்டாம்பிங் பிரச்சனை, போனா திரும்பி வர முடியாது, போக முடியல. ஊர்ல மத்தியானம் பன்னெண்டரைக்கு அடக்க ஆராதனை, இங்க அது ராத்திரி ரெண்டு மணி. அபார்ட்மென்ட்ல சின்னப் பிள்ளைங்க தூங்குது, கீழ் வீட்டுக்காரங்க வேற, அந்த ஆராதனைய லைவ்ல எங்க வச்சு பாக்கிறதுன்னு தெரியாம நின்னப்ப யாரோ ரெக்டர் அம்மாவுக்கு மெசேஜ் போட்டாங்க. அந்தம்மா ஒண்ணே முக்காலுக்கு வந்து கதவத் திறந்து, ஹீட்ட ஏத்தி விட்டு, ஹால்ல ஸ்கிரீன இறக்கி வச்சிட்டு, தமிழ் ஒரு வார்த்தை புரியாம கடைசி வரிசைல மூணு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. குழில மண்ணு போடுறப்ப நம்ம ஆளு ஸ்கிரீன் பக்கத்துல போய் நின்னாரு, அப்ப எந்திரிச்சு வந்து அவர் தோள்ல கைய மட்டும் வச்சாங்க. ரேடியேட்டர்ல டங் டங்னு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. ஹால் வாடகைன்னு அடுத்த நாள் கேட்டதுக்கு என்ன வாடகைன்னு கேட்டாங்க.

இந்தச் சர்ச்சுல நாம எட்டு வருஷமா மாசம் ஒரு தடவை தமிழ் ஆராதனை நடத்துறோம், கீர்த்தனை பாடுறோம், ஹால்ல பிரியாணி வாசனை புதன்கிழமை வரைக்கும் இருக்குன்னு பேன்ட்ரி ஆளுங்க சொல்வாங்க (குறையா சொல்லல, எப்ப மிச்சம் இருக்கும்னு கேக்குறதுக்காக சொல்றது). இதுக்கெல்லாம் நாம தர்றது மாசம் நூறு டாலர் ஸ்தோத்திர காணிக்கை. கேஸ் பில்லுல ஒரு ஓரத்துக்குக் காணாது. விருந்தாளியா வந்தோம், நல்லா கவனிச்சாங்க, ஆனா எட்டு வருஷம் ஒருத்தன் விருந்தாளியாவே இருந்தா ஊர்ல என்ன பேர் சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

நாம சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை), இது எப்பிஸ்கோப்பல் (இங்கிலாந்து திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கன் சபைங்கள்ல அமெரிக்காவுல இருக்கது), அவங்க வேற நாம வேறன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 1947 செப்டம்பர் 27 மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ. ஆரம்பிச்சப்ப அதுல சேந்ததுல ஒரு பெரிய பங்கு ஆங்கிலிக்கன் சபைங்கதான், இன்னிக்கு சி.எஸ்.ஐ.யும் எப்பிஸ்கோப்பலும் ரெண்டும் ஆங்கிலிக்கன் கம்யூனியன்ல, அதாவது அந்தச் சபைங்களோட கூட்டமைப்புல, இருக்கு. அதுக்கும் முன்னாடி போனா இன்னும் கிட்ட. திருநெல்வேலிக்காரங்க இன்னும் உங்க ஊர் எஸ்.பி.ஜி.யா சி.எம்.எஸ்.ஸானு கேப்பாங்கல்ல (ரெண்டும் இங்கிலாந்து மிஷன் சங்கங்க), அந்த எஸ்.பி.ஜி. 1701ல லண்டன்ல ஆரம்பிச்சது, அது முதல்ல ஆள் அனுப்பினது இந்தப் பக்கம்தான். நியூ ஜெர்சிலயே பழைய எப்பிஸ்கோப்பல் சர்ச், பர்லிங்டன்ல இருக்க செயின்ட் மேரீஸ், 1703ல அவங்க அனுப்பின ஆளுங்க அஸ்திவாரம் போட்டது. நம்ம கால்டுவெல் ஐயர (நம்ம பக்கம் பாதிரியாரத்தான் ஐயர்னு சொல்வோம்) திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடில வச்சிருந்ததும் அதே எஸ்.பி.ஜி.தான். இதச் சொன்னப்ப வார்டன் (வெஸ்ட்ரில மூத்த பொறுப்பு) ஒருத்தர், எழுவத்தெட்டு வயசு வெள்ளைக்காரர், அப்ப நாம கசின்ஸ்னு சொல்லிட்டு அதுல இருந்து எங்கள அப்படித்தான் கூப்பிடுறாரு.

கால்டுவெல் ஐயர் இடையன்குடி கோயில கட்டி முடிக்க 33 வருஷம் ஆச்சு, 1847ல ஆரம்பிச்சு 1880ல பிரதிஷ்டை. நமக்கு அக்டோபருக்குள்ள வேணும்.

இப்ப கணக்கு. புது பாய்லர், வேலைக்கூலி, சிம்னிக்கு உள்ள போடுற லைனர் எல்லாம் சேத்து 61,000 டாலர். பழைய பைப் மேல சுத்தியிருக்கிறது ஆஸ்பெஸ்டாஸ், அத லைசன்ஸ் உள்ள ஆளுங்கதான் எடுக்கணும், நாமளே சனிக்கிழமை வந்து பிச்சுப் போடுறோம்னு யாரும் கெளம்பிடாதீங்க, அதுக்கு 14,000. எதிர்பாராத செலவுக்கு 5,000. மொத்தம் 80,000. வெஸ்ட்ரி ரிசர்வ்ல இருந்து 25,000 எடுக்கிறாங்க, காலை ஆராதனைக்கு வர்றவங்க ஏற்கனவே 21,500 தர்றோம்னு பிளெட்ஜ் பண்ணிட்டாங்க, பாக்கி 33,500. இதுல தமிழ் குடும்பங்க சார்பா 12,000 தர்றோம்னு நாங்க ரெண்டு பேரும் மீட்டிங்ல வாய விட்டுட்டோம். உங்கள கேக்காம சொன்னது தப்புதான், ஆனா சொன்னப்ப அந்த ரூம்ல கைதட்டுனாங்க, அதுக்கப்புறம் எப்படி வார்த்தைய திருப்பி எடுக்கிறது. சுமார் முப்பது குடும்பம் இருக்கோம், குடும்பத்துக்கு 400. மொத்தமா முடியாதவங்க மாசம் 40, பத்து மாசம். அதுவும் முடியாதவங்க, வேலை போனவங்க இருக்கீங்க, எங்களுக்குத் தெரியும், உங்க வீட்டுக் கதவ யாரும் தட்ட மாட்டோம், ஜூலைல பழைய ரேடியேட்டருக்குப் பெயின்ட் அடிக்க ஒரு சனிக்கிழமை வாங்க, அது போதும். 400க்கு மேல தர முடிஞ்சவங்க யாருன்னும் எங்களுக்குத் தெரியும், அவ்வளவு மட்டும் சொல்லிக்கிறோம்.

பாய்லருக்குப் பதிலா கரன்ட்ல ஓடுற ஹீட் பம்ப் போடலாமேன்னு ரெண்டு மூணு ஐடி தம்பிங்க கேட்டிருந்தீங்க. மூணு மீட்டிங் அதுக்கே போச்சு. இவ்வளவு உயரக் கூரை, உள்ள இன்சுலேஷன் இல்லாத கல் சுவரு, கரன்ட் சர்வீஸையே புதுசா இழுக்கணும், செலவு ரெண்டு மடங்குக்கு மேல போகுது. பின்னாடி ஹாலுக்கு மட்டும் அப்படிப் போடலாம்னு ஒரு யோசனை இருக்கு, அது வேற வருஷம், வேற கமிட்டி, தயவுசெஞ்சு எங்களப் போடாதீங்க. கம்பெனிய எப்படித் தேர்ந்தெடுத்தீங்கன்னும் கேட்டீங்க. ஸ்டீம் பாய்லர பழைய பாய்லர் மேல ஒட்டியிருக்க நம்பரப் பாத்து வாங்கக் கூடாதாம், எத்தன ரேடியேட்டர், ஒவ்வொண்ணும் என்ன அளவுன்னு அளந்து அதுக்குத் தக்கனதான் வாங்கணுமாம். மூணு பேர்ல ஒருத்தர்தான் டேப்பும் நோட்டும் எடுத்துட்டு ரூம் ரூமா போயி எண்ணுனாரு, 41 ரேடியேட்டர், ஆல்டர் கில்ட் (பீடத்த ஆயத்தம் பண்ற குழு) அலமாரிக்குப் பின்னாடி நாங்களே மறந்த ஒண்ணு உட்பட. அவருக்கே குடுத்தாச்சு. ஜூன் கடைசிக்குள்ள அட்வான்ஸ் கட்டினாதான் கோடைல வேலை, செப்டம்பர் ஆச்சுன்னா இந்த ஆளுங்க யாரும் கிடைக்க மாட்டாங்க.

பணம் எங்க போகுதுன்னு சந்தேகம் வர்றது நமக்கு இயல்பு, ஊர்ல சேகர கமிட்டி (சபை நிர்வாகக் குழு) எலெக்‌ஷன் பாத்து வளந்த ஆளுங்கதான எல்லாரும். இங்க வருஷா வருஷம் சபைக் கணக்க ஆடிட் பண்ணணும்னு சபைச் சட்டத்துலயே இருக்கு, கட்டடத்த அடமானம் வச்சு கடன் வாங்கணும்னாலும் பிஷப்பும் டயோசிசன் ஸ்டாண்டிங் கமிட்டியும் (பேராய நிலைக் குழு) ஒத்துக்கணும். பாய்லர் பணத்துக்கு தனிக் கணக்கு, மாசா மாசம் ஹால் போர்டுல ஒட்டுவோம், தமிழ்லயும்.

குடுக்கிறது எப்படின்னா, செக்க சர்ச் பேருக்கு எழுதுங்க, மெமோல பாய்லர்னு போடுங்க, இல்லன்னா அது பொதுக் கணக்குக்குப் போயிடும். காணிக்கைப் பையில போடலாம், ஆஃபீஸ்ல குடுக்கலாம், சர்ச் வெப்சைட்லயும் கட்டலாம். எங்க கையில கேஷா குடுக்காதீங்க, வாங்க மாட்டோம், பார்க்கிங்ல வச்சு பாக்கெட்ல திணிக்கவும் வேண்டாம் (யாருன்னு அவங்களுக்குத் தெரியும்). 250 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்தா டாக்ஸுக்கு சர்ச்சோட எழுத்து ரசீது உங்க கையில இருக்கணும், ட்ரெஷரர் அனுப்புவாரு. கம்பெனி மேட்சிங் (நீங்க குடுக்கிற அளவுக்கு உங்க கம்பெனியும் குடுக்கிறது) நிறைய இடத்துல சர்ச்சுக்கு இல்லன்னு சொல்லிடுவாங்க, ஆனாலும் கேட்டுப் பாருங்க.

அப்புறம் ஏலம். போன செப்டம்பர்ல முதல் தடவையா ஊர்ல ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பண்ற மாதிரி ஹால்ல ஏலம் விட்டோம்ல, அமெரிக்க ஆளுங்களுக்கு முதல்ல ஒண்ணும் புரியல, அஞ்சு டாலர் பொருளுக்கு ஏன் நாப்பது டாலர் கேக்கிறாங்கன்னு முழிச்சாங்க. ஒரு அக்கா தொட்டில வளத்த முருங்கை, ரெண்டு கைப்பிடி கீரைதான் இருக்கும், 30க்குப் போச்சு. அப்புறம் எலுமிச்சங்கா ஊறுகா வந்துச்சு பாருங்க, அந்த வார்டன் கசின் எந்திரிச்சு நின்னுட்டாரு, நம்ம தம்பி ஒருத்தன் ஏத்த ஏத்த அவரும் ஏத்தி 85 டாலர், வாங்கின கையோட பாட்டில ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு இதுக்கு மீன் நல்லா இருக்குமா கோழி நல்லா இருக்குமானு கேக்கிறாரு. அன்னிக்குத்தான் ஊர்ல இருந்து வந்திருந்த ஒரு பாட்டி, நாசரேத் பக்கம், ரெக்டர் அம்மாவப் பாத்து இவங்கதான் ஐயரம்மாவா, ஐயர எங்கன்னு கேட்டாங்க, இல்ல பாட்டி இவங்கதான் ஐயர்னு சொன்னதும் ஒரு நிமிஷம் மேலயும் கீழயும் பாத்துட்டு, அப்ப ஏலத்த அவங்கள ஜெபம் பண்ணி ஆரம்பிக்கச் சொல்லு, பசிக்குதுன்னாங்க.

இந்த வருஷமும் செப்டம்பர்ல ஏலம் உண்டு, முழுக்க பாய்லருக்கு, மத்தியானம் அசனம் மாதிரி எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, சாப்பாட்டுக்கு டிக்கெட் கிடையாது. ஊறுகா போடுற அக்காமாரு ஆகஸ்ட்லயே போட்டு வெயில்ல வச்சாதான் அதுக்குள்ள ஊறும். எலுமிச்சங்கா குறைஞ்சது எட்டு பாட்டில் வேணும், மாங்காய் எவ்வளவு வந்தாலும் சரி, மூடி இறுக்கமா இருக்க பாட்டிலா பாத்து போடுங்க, போன தடவை ஒண்ணு காருல கொட்டி சீட்டு இன்னும் மணக்குது.

பாய்லர் கமிட்டிக்காக,
தமிழ் ஆளுங்க ரெண்டு பேர்